மார்பகப் புற்றுநோயும் மறைத்தலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாதர் பகுதியில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கில்லை. கல்வி நிதியைப் பற்றியும், கல்யாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருப்பதே என் வழக்கம். இன்று யான் எழுந்து நிற்பதற்குக் காரணம் ஒன்றே. நம் குடும்பங்களில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வியாதி எனக்கு வந்தது. அதற்குரிய சிகிச்சையை முடித்து உங்கள்முன் நிற்கின்றேன். அது மார்பகப் புற்றுநோய். பெயரைச் சொன்ன அளவிலேயே சில தாய்மார்கள் தலைகுனிவதைக் காண்கின்றேன். அத்தலைகுனிவைப் பற்றியே பேச வந்தேன்.

2021ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள் நீராடும்போது, இடப்பக்கத்து மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி சிறிதும் இல்லை. வலியில்லாததால் தீங்கில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இது பெரும் பிழை. இந்நோயின் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆயினும் யான் வாய்திறவாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. அப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குப் புற்றுநோய் என்றால், “குடும்பத்து வியாதி” என்று பிள்ளை வீட்டார் விலகிவிடுவரோ என்று அஞ்சினேன். ஏழு மாதம் மறைத்தேன். தை மாதத்தில் திருமணத்தன்று, சேலையுடுத்த உதவிய என் நாத்தனார் கண்டுவிட்டார். அதற்குள் கட்டி எலுமிச்சங்காய் அளவாகி, தோல் உள்வாங்கிக் குழிந்திருந்தது.

மறுவாரமே வைத்தியசாலைக்குச் சென்றோம். மாமோகிராம் என்னும் படம் எடுத்தனர். ஊசியால் சிறிது தசையெடுத்துச் சோதித்தனர். நோய் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. உடனே அறுத்தெறிவார்கள் என்று எண்ணியிருந்த எனக்கு, முதலில் மருந்தேற்றும் சிகிச்சை, பின்னரே சத்திர சிகிச்சை என்று வைத்தியர் கூறியது வியப்பாயிருந்தது. கட்டியைச் சுருக்கிக்கொள்வதற்கும், கண்ணுக்குப் புலப்படாமல் உடலில் எங்கேனும் சென்றிருக்கும் நோயணுக்களைத் தாக்குவதற்கும், மருந்து கட்டியிடத்து வேலை செய்கிறதா என்று கண்கூடாகக் காண்பதற்கும் இம்முறை பயன்படும் என்று விளக்கினார். கட்டி கரைந்துபோயினும் இடம் தெரியும்பொருட்டு, சிறிய உலோகத் துணுக்கொன்றை அதனுள் வைத்தனர்.

மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக எட்டு முறை மருந்தேறியது. முதல் நான்கு முறை ஏற்றியது செந்நிற மருந்து. அது இருதயத்தைத் தளர்த்தக்கூடுமாதலின் முன்னதாகவே இருதயத்தைச் சோதித்தனர். மூன்றாம் வாரத்தில் தலைமயிர் உதிர்ந்தது. “திருப்பதிக்கு முடி கொடுத்ததாகச் சொல்லிவிடுங்கள்” என்று அண்டைவீட்டார் ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். ஏழு மாதம் பொய் சொன்னது போதும் என்று உண்மையையே சொன்னேன். பின் நான்கு முறை ஏற்றிய மருந்தில் விரல்நுனிகள் மரத்தன. கோலமிட மாவு விரலில் நிற்கவில்லை. இக்காலத்தில் மறக்கலாகாதது ஒன்றுண்டு. மருந்தேறியபின் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும். அப்போது 100.4 டிகிரி சுரம் கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல், நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நிற்க. சத்திர சிகிச்சையைப் பற்றி நம்மவர்க்குள்ள அச்சம் பழங்காலத்தைச் சேர்ந்தது. 1811ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பான்னி பர்னி என்னும் ஆங்கில எழுத்தாளருக்கு, மயக்க மருந்தே இல்லாமல் மார்பகத்தை அகற்றினர். அதன்பின் அவர் 1840 வரை வாழ்ந்தார். 1846இல் ஈதர் மயக்கத்தின் பயன் பாஸ்டன் நகரில் பலரறிய மெய்ப்பிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் சேர்த்தெடுக்கும் கடுமையான முறையைப் பரப்பினார். நெடுங்காலம் அதுவே வழக்காயிருந்தது. பெர்னார்ட் பிஷர் என்பாரின் குழுவினர் 1976இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 20 ஆண்டு முடிவுகளை 2002இல் வெளியிட்டபோது, தக்க நிலையிலுள்ளவர்க்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்க்கு ஒத்த ஆயுளே கிடைக்கிறது என்பது உறுதியாயிற்று. நம் நாட்டிலோ, சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. துக்கத்தை மூடிவையாமல் பொதுப்பணியாக்கிய அவ்வம்மையார் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு.

மருந்தினால் என் கட்டி பெரிதும் சுருங்கியது. ஆயினும் தோலும் கணுக்களும் முன்னரே பாதிக்கப்பட்டிருந்தமையால், மார்பகம் முழுவதையும் அக்குட் கணுக்களையும் எடுக்கவேண்டும் என்றனர். “ஏழு மாதம் முன்னர் வந்திருந்தால்?” என்று கேட்டேன். வைத்தியர் சற்றுநேரம் பேசாதிருந்து, “ஒரு பகுதியோடு முடிந்திருக்கலாம், அம்மா” என்றார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

சத்திர சிகிச்சைக்கு ஆயத்தமாவது நோயாளியின் வேலை மட்டுமன்று. வீட்டார் அனைவரின் வேலை. உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒளியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். இரத்தம் உறைவதைத் தடுப்பன அவற்றுள் இருக்கலாம். சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் கொணர்தல் வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுவோர் அதனை விட்டுவிடவேண்டும். புண் ஆறுவதை அது கெடுக்கும். தோளையும் கையையும் உயர்த்தும் பயிற்சியை முன்னதாகவே கற்றுக்கொண்டால் பின்னர் எளிது. சில வாரங்களுக்குக் கையை மேலே தூக்குதல் அரிது. ஆதலால் முன்புறம் திறக்கும் இரவிக்கைகளைத் தைத்துவைத்தேன். என் மருமகள் அடுக்களையின் மேற்பலகைப் பாத்திரங்களையெல்லாம் கீழே இறக்கிவைத்தாள்.

அன்று காலையில் செவிலியர் நகைகளைக் கழற்றச் சொன்னார். மின்கத்தி பயன்படுத்துவதாலும், கை வீங்கக்கூடுமாதலாலும் உலோகம் எதுவும் உடலில் இருத்தல் ஆகாது. வளையலும் மூக்குத்தியும் தந்தேன். தாலியில் கை நின்றுவிட்டது. என் மாமியாருக்கு வயது 78. அவர் எழுந்து வந்து, “நீ இருப்பதற்காகத்தானே அம்மா தாலி? கொடு, நீ வருமட்டும் என் மடியில் இருக்கட்டும்” என்று தம் கையாலேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். யான் அஞ்சாமல் உள்ளே சென்றேன்.

கண்விழித்தபோது விலாப்புறத்தில் ஒரு குழாயும், அதன் நுனியில் நீர் சேரும் குப்பியும் இருந்தன. நாள்தோறும் சேரும் நீரை அளந்து என் கணவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தார். குறைந்தபின் குழாயை எடுத்தனர். பின்னர்க் கதிர் சிகிச்சையும் முடிந்தது. இன்றும் இடக்கை சிலபோது வீங்குகின்றது. அதற்குரிய கையுறை அணிகின்றேன்.

வைத்தியசாலையில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். யாருக்கு அஞ்சி மறைத்தேனோ, அந்தச் சம்பந்தியம்மாள் மூன்றாம் நாள் வந்தார். நெடுநேரம் என் கையைப் பற்றிக்கொண்டிருந்துவிட்டு, “எங்கள் அம்மாவும் இதை முந்தானையால் மறைத்து மறைத்தேதான் போனாள். இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை” என்றார். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் அஞ்சி, ஒன்றையே மறைத்திருக்கின்றோம்!

சகோதரர்களே! இந்திய ஸ்திரீகளுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெற்றது. பரம்பரையாய் வருவதோ 100க்கு 5 முதல் 10 வரைதான். பரம்பரையாயின் மறைத்தல் இன்னும் கொடிது. தாயின் நோயை அறிந்த மகள் காலத்தே சோதித்துக்கொள்வாள், அறியாதவள் யாது செய்வாள்? நம் சங்கத்தில் ஜாதகம் பரிமாறுகின்றோம், வரன் பார்க்கின்றோம், குலம் கோத்திரம் விசாரிக்கின்றோம். நாம் விசாரிக்கும் விதத்திற்கு அஞ்சியே நம் பெண்கள் வாய்மூடி இருக்கின்றனர். ஒரு வீட்டில் இந்நோய் உண்டென்று கேட்டால், சம்பந்தத்தை முறிப்பதற்குரிய செய்தியாக அதைக் கொள்ளாமல், உடன்சென்று உதவுவதற்குரிய செய்தியாகக் கொள்வோம் என்று இக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் மனத்தில் உறுதி செய்துகொள்ளவேண்டும்.

தாய்மார்களே! கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அன்று மாலைக்குள் ஒருவரிடமேனும் சொல்லுங்கள். சொல்ல வேறு எவரும் இல்லையெனின் என்னிடம் வாருங்கள்; வைத்தியரிடம் உடன் வருகின்றேன்.