சாம்பார் கறையும் குத்துவிளக்கும்



ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்கள் கீழே இறங்கும். ஜன்னல் கம்பி, மின்விசிறி, அலமாரி என்று ஒன்றும் மிச்சம் இல்லாமல் துடைப்போம். கடைக்குப் போனால் தரைக்கு ஒரு பாட்டில், டைல்ஸுக்கு ஒரு பாட்டில், கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று என்று பை நிறைந்துவிடுகிறது. அவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதியை அடுக்களையில் இருக்கும் புளியும் எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் செய்துவிடும். எந்தக் கறைக்கு எது என்று தெரிந்தால் போதும். அதற்கு, கையில் பிரஷ்ஷை எடுக்கும் முன்னால், இந்தக் கறை எதனால் ஆனது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். வகுப்பில் சொன்னதைவிட, வகுப்பு முடிந்து மேசையைச் சுற்றி நின்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்தான் அதிகம். பெரும்பாலும் வீட்டில் அம்மா கேட்டுவரச் சொன்ன கேள்விகளாக இருக்கும்.

அப்படி அடிக்கடி வந்த கேள்வி இது. “டீச்சர், அம்மாவோட புதுச் சேலைல சாம்பார் கொட்டிடுச்சு. உடனே சோப்பு போட்டாங்க. மஞ்சளா இருந்த இடம் ரத்தம் மாதிரி சிவப்பாயிடுச்சு. சேலையே போச்சுன்னு அழறாங்க.”

இதைக் கேட்கிற உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். சேலை எங்கும் போகவில்லை, பயப்படாதீர்கள். மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். அதற்கு ஒரு குணம் உண்டு. காரத்தன்மை உள்ள எதைத் தொட்டாலும் சிவந்துவிடும். துணி துவைக்கும் சோப்பு காரம்தான். ஆகவே சோப்பு பட்டதும் சிவக்கிறது. நன்றாக அலசி சோப்பு போனதும் திரும்ப மஞ்சளாகிவிடும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தொட்டுப் பாருங்கள், கண்ணெதிரே மஞ்சளாக மாறும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்ததும் ஆரத்தி எடுக்கிறோமே, அந்தத் தட்டில் இருக்கும் சிவப்பு நீரில் என்ன கலந்திருக்கிறது? மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு நல்ல காரம். குங்குமமும் அந்தக் காலத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்ததுதான். தாம்பாளத்தில் நாம் விரும்பிச் செய்யும் அதே மாற்றம்தான் சேலை முந்தானையிலும் நடக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் வடிதாளை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்த குச்சியால் அதன்மேல் பெயர் எழுதச் சொல்வேன். மஞ்சள் தாளில் சிவப்பாகப் பெயர் எழும்பும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! லிட்மஸ் தாளுக்கு அவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைச் செய்து காட்டுங்கள். அரை மணி நேரம் செல்போன் பக்கம் போகமாட்டார்கள்.

சரி, கறை போக வேண்டுமே? மஞ்சளின் சாயம் தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து நூலுக்குள் இறங்கிவிடுவதால்தான், வெறும் தண்ணீரில் எவ்வளவு கசக்கினாலும் அது அசைவதில்லை. முதலில் எண்ணெயை எடுங்கள். கறைமேல் சோப்பு போட்டு மெதுவாகக் கசக்கி அலசுங்கள். சிவந்தால் சிவக்கட்டும். சோப்பு முழுதும் போகும்வரை அலசிவிட்டு, ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் விரித்துவிடுங்கள். மஞ்சள் சாயத்தால் வெளிச்சத்தைத் தாங்க முடியாது, உடைந்துபோகும். காலையில் போட்ட வேட்டியை மாலையில் எடுக்கும்போது கறை மங்கியிருக்கும். மிச்சம் இருந்தால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள்.

இங்கே வேலை செய்வது வெயிலின் வெளிச்சம், அதன் சூடு இல்லை. அதனால் நிழலில் உலர்த்தினாலோ, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலோ பயன் வராது. தேய்த்தால் கறை இன்னும் இறுகும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேசை விரிப்பு இவற்றுக்குத்தான் இந்த வைத்தியம். வெயில் மஞ்சளை மட்டும் பார்த்து வெளுக்காது, துணியின் சாயத்தையும் வெளுக்கும். பட்டுச் சேலையில் பட்டிருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உலர் சலவைக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

துணி மட்டும் இல்லை. எலுமிச்சை சாதமும் சாம்பார் சாதமும் போட்டுப் போட்டு மஞ்சளேறிப்போன பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், மிக்ஸி ஜாரின் மூடி, அதன் ரப்பர் வளையம், வெள்ளை நிறக் கரண்டி எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடியில் பரப்பி வையுங்கள். எத்தனை தேய்த்தும் போகாத மஞ்சள் ஓரிரு நாளில் தானாக இறங்கிவிடும். காசு செலவில்லை, கை வலியும் இல்லை. ரப்பர் வளையத்தை மட்டும் நாள்கணக்கில் வெயிலில் விட்டுவிடாதீர்கள், விறைத்துப்போகும்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. எதிரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து பித்தளைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டு விழா. மேடைக்கு ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றை வெளியே கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு புளியைப் போட்டுத் தேய்க்கிறார்கள், தேய்க்கிறார்கள், கறுப்பு அப்படியே இருக்கிறது. “புளி சரியில்லை டீச்சர், பழைய புளி கொண்டு வரவா?” என்று ஒருத்தி கேட்டாள். புளிமேல் தவறில்லை. விளக்கின்மேல் எண்ணெயும் கரியும் சேர்ந்து பிசினாகப் படிந்திருந்தது. புளியின் சாறு அந்தப் பிசுக்கைத் தாண்டி உலோகத்தைத் தொடவே இல்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்தார். ஒன்றும் பேசாமல் விளக்கைப் படுக்கவைத்து, மறைகளைத் திருகி, பாகம் பாகமாகக் கழற்றினார். அடிப்பாகம் தனி, தண்டு தனி, எண்ணெய் ஊற்றும் தட்டு தனி, உச்சியில் இருக்கும் அன்னம் தனி. எல்லாவற்றையும் முதலில் பழைய துணியால் துடைத்து, அரிசி மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவைத்து, சுடுதண்ணீரும் சீயக்காயும் போட்டுக் கழுவினார். அதற்கப்புறம் புளியைத் தொட்டு ஒரு இழுப்பு. விரல் போன இடமெல்லாம் தங்கமாக வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வார்க்கும் விளக்குகளும் இப்படிப் பாகங்களாகச் செய்து மறை போட்டு இணைப்பவைதான். கழற்றித் துலக்கத்தான் அந்த வசதி. பலர் வீட்டில் வாங்கிய நாளிலிருந்து அந்த மறையைக் கழற்றியதே கிடையாது. பச்சைக் களிம்பு முதலில் பிடிப்பது அந்த இடுக்கில்தான்.

புளி ஏன் வேலை செய்கிறது? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு மேலே ஒரு மங்கலான படலம் உண்டாகிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்து எடுக்கிறது. இவ்வளவு டார்டாரிக் அமிலம் உள்ள பழங்கள் மிகக் குறைவு. அதற்காக நல்ல புளியை உருண்டை உருண்டையாக எடுக்க வேண்டாம். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் கல் உப்பு கொஞ்சம் சேர்த்தால் போதும். தேய்த்ததை அப்படியே ஊறவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். அமிலம் அதிக நேரம் தங்கினால் துத்தநாகத்தையும் தின்றுவிடும், ஆங்காங்கே செம்பு நிறத்தில் திட்டு விழும். தேய்த்த கையோடு கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ‘நேற்றுதான் துலக்கினேன், இன்றைக்கே கறுத்துவிட்டது’ என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்தத் துடைக்கும் வேலைதான் விட்டுப்போயிருக்கும். கடையில் வாங்கும் அலங்காரப் பித்தளைப் பொருள்களில் சிலவற்றுக்குப் பளபளப்புக்காக மேற்பூச்சு போட்டிருப்பார்கள். அவற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும், புளி வேண்டாம். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தையும் கம்பி நார் போட்டுச் சுரண்டிவிடாதீர்கள், பூச்சு போய்விடும்.

இப்போது உப்புக்கறை. போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயும் வாளியும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய்க் கிடக்குமே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லின் இனம். சோப்பு போட்டால் போகாது, அமிலம்தான் கரைக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விட்டுத் தேயுங்கள். ஆனால் மார்பிள் தரை, மொசைக் தரை பக்கம் எலுமிச்சையோ வினிகரோ ஆசிட்டோ போகவே கூடாது. மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான். கறையோடு தரையும் கரையும், மெருகு போய்விடும்.

செல்போன் வீடியோக்களில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கவைத்துக் காட்டுகிறார்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக்கறைக்கு வினிகர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள், இரண்டும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கவையுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒருநாள் பள்ளிக் கழிவறைப் பக்கமிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், துப்புரவு வேலை செய்யும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் இருமிக்கொண்டு நிற்கிறார். கறை சீக்கிரம் போகட்டும் என்று பவுடர் தூவிய இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார். கையைப் பிடித்து இழுத்து வந்து திறந்த வெளியில் உட்காரவைத்து, மருத்துவமனைக்கு அனுப்பினோம். நல்லபடியாகத் திரும்பி வந்தார். அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915-இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் என்ற ஊருக்கு அருகே படைவீரர்கள்மேல் ஏவிய வாயு அது. நான்கு சுவருக்குள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரும் கூடாது, எலுமிச்சையும் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இந்த இரண்டு பாட்டிலும் இருக்கின்றன, அவர்களிடம்தான் யாரும் எதையும் விளக்குவதில்லை.

நேரம் முடியப்போகிறது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் உறைந்து நூலோடு ஒட்டிவிடும். பலாப்பழப் பிசின் கையிலோ கத்தியிலோ ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு. பால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டாமல், தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், கரண்டியால் தள்ளினாலே வந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துப்போகும். சட்டைப் பையில் பால்பாயின்ட் பேனா கசிந்திருந்தால், அடியில் பழைய துணியை வைத்துக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

வெள்ளிப் பாத்திரத்தைப் பற்றியும் இரும்புத் தோசைக்கல்லைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், இன்றைக்கு நேரமில்லை. இந்த விடுமுறையில் வெயில் நன்றாக அடித்தால், அந்த மஞ்சளேறிய டிபன் பாக்ஸைக் கண்டிப்பாக மாடிக்குக் கொண்டுபோங்கள். குத்துவிளக்கின் மறையைத் திருகிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், காலையில் வீட்டில் பலசாலி யாரோ அவரிடம் கொடுங்கள். துலக்குகிற வேலையிலும் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.