பழைய வீட்டு வண்டியும் சொற்கேட்கும் ஸ்டியரிங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இவ்வாண்டு எங்களுக்கு இடப்பட்ட பணி வேறு. நம் காலனியின் நான்கு குடும்பத்தார் கூடிப் பழைய சிற்றுந்து ஒன்றை வாங்கி, அதனுள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, வரும் கோடை விடுமுறையில் மதுரை வரை செல்லக் கருதியுள்ளனர். வண்டியோ நேரே ஓட மறுக்கிறது. லாரி கடந்தால் ஒதுங்குகிறது. ஓட்டுபவர் கை ஓயாமல் சக்கரத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. குழந்தைகளும் முதியோரும் ஏறும் வண்டி. ஆதலின், மோட்டார்ப் பட்டறைகளோடு நெடுநாள் பழகிய நாங்கள் சிலர் அறிந்ததைத் தொகுத்து இங்கே சொல்லவந்தோம்.

பெரிய ஊர்தியைத் திருப்புவது தமிழர்க்குப் புதிய தொல்லை அன்று. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது. அதன் அச்சு திரும்பாது. முட்டுக்கட்டை இடுவோரின் கண்ணும் கையுமே அதற்கு ஸ்டியரிங். வீதி மூலையில் மசகு தடவிய இரும்புத் தகடுகளின்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புவர். திருச்சி பெல் தொழிலகம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பின்னரும் முட்டுக்கட்டைக்காரருக்கு வேலை போகவில்லை.

முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே திரும்ப வேண்டும், வளைவின் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தினும் மிகுதியாகத் திரும்ப வேண்டும் என்னும் அமைப்பை 1817இல் மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லாங்கென்ஸ்பெர்கர் வகுத்தார். 1818இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். இன்றளவும் அது ஆக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகிறது. செய்தவர் பெயர் மறைந்து பதிந்தவர் பெயர் நிற்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான் போலும்.

நம் ஐதராபாத்துக்கும் ஒரு தேர் உண்டு. 1982 மார்ச் 29இல் கட்சி தொடங்கிய என். டி. ராமராவ் அவர்கள், அப்பொழுதே மிகப் பழையதாகிவிட்ட செவர்லே வேன் ஒன்றைப் புதுக்கி, 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டார். உள்ளே தங்குவதற்கு இடம். மேலே நின்று பேச மேடை. 1983 ஜனவரித் தேர்தல் வரை ஆந்திர நாடெங்கும் அதிலேயே சுற்றினார். எழுபத்தையாயிரம் கிலோமீட்டர் என்பர். ஓட்டியவர் அவர் திருமகனார் ஹரிகிருஷ்ணா. அரசியல் நமக்கு இங்கு வேண்டுவதில்லை. பழைய அச்சும் பழைய வில்லும் உடைய வண்டியின் தலைமேல் மேடையும் ஆளும் ஏறினால் வளைவில் அது எங்ஙனம் சாயும் என்பதே நம் பேச்சு. அத்தகைய வண்டியைக் கட்டியாண்ட ஹரிகிருஷ்ணா அவர்கள், 2018 ஆகஸ்டு 29 அன்று நல்கொண்டா மாவட்டத்தில் தாமே காரோட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார் என்பதையும் மறத்தற்கில்லை.

இனிச் செய்திக்கு வருவோம். ஸ்டியரிங் சரியில்லை என்றவுடன் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுசெல்லுங்கள். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, முழுவண்டிக்கு ஓர் எடை. தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், ஆட்கள் அனைத்தும் இருக்கும்போதே நிறுக்க வேண்டும். பிறகு வண்டியின் தகட்டில் குறித்துள்ள அளவோடு ஒப்பிடுக.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. வீட்டு வண்டி செய்வோர் தண்ணீர்த் தொட்டியைக் கடைக்கோடியில் வைப்பர். இடம் அங்கேதான் கிடைக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி மூன்று மீட்டர் என்று கொள்வோம். பின்னச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருநூறு லிட்டர் தண்ணீர். அது இருநூறு கிலோ. நெம்புகோல் கணக்கின்படி பின்னச்சில் ஏறுவது இருநூறு அன்று, முந்நூறு கிலோ. முன்னச்சிலிருந்து நூறு கிலோ கழிந்துவிடும். முன்சக்கரம் நிலத்தை அழுத்தாவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்டியரிங்கும் என்ன செய்யும்? தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் இடையே, தாழ்வாக, மாற்றியமையுங்கள். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடமோ வளைவில் வண்டியையே இழுக்கும். ஆதலின் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும். கூரைமேல் பெட்டி அடுக்கும் பழக்கத்தை அடியோடு விடுக.

அடுத்தது டயர். தேயாத டயர் நல்ல டயர் என்று எண்ணுவது தவறு. நெடுநாள் நின்ற வண்டியில் தடம் புதிதாயிருக்கும், ரப்பர் கிழடாயிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. காற்றழுத்தத்தை எடைக்கு ஏற்றவாறு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து வைக்க வேண்டும்.

இதன்பின்னரே இணைப்புகள். எஞ்சினை நிறுத்தி ஸ்டியரிங் வளையத்தை இருபுறமும் மெல்ல அசையுங்கள். சக்கரம் அசையாமல் வளையம் மட்டும் ஆடும் வெற்றாட்டத்தையே மெக்கானிக்குகள் 'பிளே' என்பர். விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் கவலைக்குரியது. ஒருவர் வளையத்தை அசைக்க, மற்றொருவர் வண்டியின் கீழிருந்து டை ராட் முனைகளையும் டிராக் லிங்க்கையும் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்தால் தளர்ந்தது எது எனத் தெரிந்துவிடும். பின்பு முன்னச்சை ஜாக்கியில் உயர்த்தித் தாங்கு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆடினால் கிங் பின் தேய்ந்திருக்கலாம், பேரிங் தளர்ந்திருக்கலாம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நில்லாவிடில் கிங் பின்னில். கிங் பின்னுக்குக் கிரீஸ் இடுவதும் சக்கரம் தூக்கியிருக்கும்போதே. பாரம் அழுத்தும் பக்கத்தில் அப்பொழுதுதான் கிரீஸ் புகும்.

ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கிப் பிளேவைப் போக்குவது பட்டறைகளின் எளிய வழி. இணைப்புகளில் தேய்வு இருக்கப் பெட்டியை இறுக்குவது, கால்வலிக்குத் தலையில் பற்றிடுவதை ஒக்கும். இறுக்குவதாயினும் சக்கரம் நேராக நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். பெட்டியின் பற்கள் நடுநிலையில்தான் மிகுதியும் தேயும். திருப்பிய நிலையில் இறுக்கினால், நேராக வரும்போது அது பிடித்துக்கொள்ளும்.

காஸ்டர் என்பதை இல்லத்தரசிகளும் அறிவர். கடையில் தள்ளும் சிறுவண்டியின் சக்கரம் தானே பின்வாங்கி நேராகிறதன்றோ? அதே போல் கிங் பின்னின் தலை சிறிது பின்சாய்ந்திருந்தால் முன்சக்கரம் தானே நேருக்கு வரும். வண்டியின் பின்பகுதியை மட்டும் உயர்த்திக் கட்டினால் அச்சாய்வு குறைந்து வண்டி அலையத் தொடங்கும். கமான் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்து இதனைச் சரிசெய்வது பழைய முறை. முட்டுக்கட்டையின் பேரப்பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். சாய்வு மிகுந்தால் ஸ்டியரிங் கனக்கும். அளவு அறிந்து செய்க. கமான் பட்டையில் இலை கூட்டி உயரத்தை மாற்றினால் டிராக் லிங்க்கின் கோணமும் மாறும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி தானே திரும்பும். பலர் இதனைக் கருதுவதில்லை. இவையெல்லாம் முடிந்தபின்தான் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். முன்னதாகப் பார்ப்பது வீண் செலவு.

சாய்வுக்குப் புதிய ஷாக் அப்சார்பரும், இல்லாத வண்டிக்கு ஆன்டி ரோல் பாரும் நல்ல துணை. ஸ்டியரிங் டேம்பர் என ஒன்றை விற்பர். அது நடுக்கத்தை அடக்கும், நோயைத் தீர்க்காது.

பவர் ஸ்டியரிங் பற்றியும் கேட்டனர். விற்பனைக் கார்களில் அது 1951இல் கிறைஸ்லர் இம்பீரியலில் முதன்முதல் வந்தது. அதற்கு முன்னர் வளையத்தின் அகலமே வலிமை. 1932இல் நிஜாம் அரசு ரயில்வே 27 பேருந்துகளோடு இந்நகரில் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்து ஓட்டுநர் தோள்களை எண்ணிப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் கையின் பாரத்தைக் குறைக்கும். தளர்ந்த இணைப்பை இறுக்காது. ஆதலின் அதனைக் கடைசியில் வைத்துக்கொள்க. உதிரிப் பாகங்களுக்கு ராணிகஞ்சும் வேலைக்கு ஆட்டோநகரும் நமக்கு அருகிலேயே உள்ளன. ஸ்டியரிங் பாகங்களை மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்க வேண்டா. வண்டியின் அமைப்பை மாற்றியதற்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

மதுரைக்கு 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் கர்நூல், அனந்தபூர், பெங்களூர், கிருஷ்ணகிரி வழியே செல்வீர்கள். தருமபுரி கடந்து சேலத்துக்கு முன்னர் தொப்பூர்க் கணவாய் வரும். விபத்துக்குப் பெயர்பெற்ற நெடிய இறக்கம். அதனைப் பகலில் கடப்பதாகத் திட்டமிடுங்கள். இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுக. பிரேக்கை ஓயாது மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போகும். கீழிறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவருகே புறங்கையைக் கொண்டுசென்று வெப்பம் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகச் சுடுமாயின், அங்கே பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சேலத்திலேயே பட்டறையைத் தேடுங்கள். மதுரை வரை பொறுக்க வேண்டா.