வழியில் கிடைத்த உறவுகள்



பஸ்ஸிலும் ரயிலிலும் நம் பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். ஊர் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறோம். ஆனால் சில சந்திப்புகள் அதோடு முடிவதில்லை. அப்படி ஒரே பயணத்தில் மூன்று சந்திப்புகள் நடந்தன. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இது கட்டுக்கதை அல்ல. உண்மையில் நடந்தது.

1893-ஆம் ஆண்டு. சுவாமி விவேகானந்தருக்கு அப்போது வயது 30. அமெரிக்காவில் சிகாகோ நகரில் சர்வமத மாநாடு நடக்க இருந்தது. சென்னை அன்பர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மே 31-ஆம் தேதி அவர் பம்பாயில் கப்பல் ஏறினார். ஜப்பான் போய், அங்கிருந்து வேறு கப்பலில் அமெரிக்கா பக்கம் புறப்பட்டார்.

அந்தக் கப்பலில் இன்னொரு இந்தியரும் இருந்தார். அவர் ஜம்ஷெட்ஜி டாடா. வயது 54. பெரிய ஆலை முதலாளி. ஒருவர் துறவி. மற்றவர் தொழிலதிபர். நாலாபக்கமும் கடல். இருவரும் நம் நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். இது முதல் சந்திப்பு.

கப்பலை விட்டு இறங்கிய விவேகானந்தர் ரயிலில் போனார். ரயிலில் கேட் சான்பார்ன் என்ற அம்மையார் பழக்கமானார். தம் வீட்டு முகவரியைக் கொடுத்தார். இது இரண்டாவது சந்திப்பு.

சிகாகோ போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாநாடு செப்டம்பரில்தான் தொடங்கும். அறிமுகக் கடிதம் இல்லாதவர் பேச முடியாது. கைப்பணமும் கரைந்துகொண்டிருந்தது. அந்த அம்மையார் வீட்டுக்குப் போனார். அந்தப் பழக்கத்தால் ஜான் ரைட் என்ற பேராசிரியரைச் சந்தித்தார். அவர் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

சிகாகோவுக்குத் திரும்பினால் இன்னொரு சோதனை. முகவரி எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது. இரவு ரயில் நிலையத்தில் காலி சரக்குப் பெட்டியில் படுத்தார். காலையில் வீடு வீடாக உதவி கேட்டார். எல்லோரும் விரட்டினார்கள். களைத்துப்போய்த் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஹேல் என்ற அம்மையார் வந்தார். "நீங்கள் சர்வமத மாநாட்டுக்கு வந்தவரா?" என்று கேட்டார். உள்ளே அழைத்துச் சோறு போட்டார். மாநாட்டு அலுவலகத்துக்குத் தாமே கூட்டிப் போனார். இது மூன்றாவது சந்திப்பு. செப்டம்பர் 11-ஆம் தேதி விவேகானந்தர் மாநாட்டில் பேசினார். உலகமே அவரை அறிந்தது.

கப்பல் நண்பர் என்ன ஆனார்? ஐந்து ஆண்டு கழித்து, 1898-இல், டாடா ஒரு கடிதம் எழுதினார். கப்பலில் பேசியதை நினைவுபடுத்தினார். அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் அமைக்கப் போவதாகச் சொல்லி, துணை கேட்டார். விவேகானந்தரின் பத்திரிகை அதை ஆதரித்து எழுதியது. மைசூர் அரச குடும்பம் நிலம் கொடுத்தது. 1909-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் பிறந்தது. அதைப் பார்க்க இருவரும் உயிரோடு இல்லை. விவேகானந்தர் 1902-இலும், டாடா 1904-இலும் காலமானார்கள். கழகம் இன்றும் நடக்கிறது.

அன்பர்களே, ஆட்களைச் சேர்த்து வைப்பது தற்செயல். பேசுவதும், உதவுவதும், மறக்காமல் கடிதம் எழுதுவதும் நம் வேலை. நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுவிட்டீர்கள். பயணம் போகும்போது போகிற இடத்து முகவரியை எழுதி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நல்ல மனிதர் பழக்கமானால், ஊர் திரும்பியதும் அவருக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள்.