ஈரமான நாணல்தான் பாடும்

(வானொலி மறையுரை – திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு)



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறை 'மகிழும் ஞாயிறு' என்று நம் தாய்த் திருச்சபை அழைக்கிறது. ஊதா நிற மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இன்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி எரிகிறது. புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் நம்மிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறார். மகிழ்ச்சியை விட்டுவிடாதிருப்பது, செபத்தை நிறுத்தாதிருப்பது, என்ன நேர்ந்தாலும் கடவுளுக்கு நன்றி சொல்வது. முதல் இரண்டையும் எப்படியோ ஏற்றுக்கொள்கிறோம். மூன்றாவதில்தான் தடுமாறுகிறோம்.

தடுமாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுவந்த தக்காளிக்கு வண்டி வாடகைகூடத் தேறாத நாளில் ஒரு விவசாயி எப்படி நன்றி சொல்வார்? போன கிறிஸ்மஸுக்கு நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் இந்த ஆண்டு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார் என்றால், அந்த வீட்டில் நன்றி எப்படி வாயில் வரும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, இன்று ஓர் இசைக் கலைஞரிடம் போவோம்.

கத்ரி கோபால்நாத் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில் நாம் கேட்ட சாக்சபோன் அவருடைய மூச்சுதான். கர்நாடக மாநிலம் மங்களூருக்கு அருகே 1949இல் பிறந்தவர். தந்தையார் நாதசுரக் கலைஞர். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணைச் சேர்ந்த நமக்கு நாதசுரத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அந்த நாதசுரம் ஒலித்த வீட்டுப் பிள்ளை, மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்சபோனைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார்.

ஆனால் அது நம் இசைக்காகச் செய்யப்பட்ட கருவி அல்ல. அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டவர் உருவாக்கி, 1846இல் பாரிசில் உரிமம் பெற்ற கருவி அது. நாதசுரத்தில் துளைகள் திறந்திருக்கும். விரல் நேரடியாகத் தொட்டு, வழுக்கி, கமகம் பேசும். சாக்சபோனிலோ துளைகளை மூடித் திறப்பவை சாவிகள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குழைந்து போவது மிகக் கடினம். கோபால்நாத் கருவியில் மாற்றங்கள் செய்தார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். அந்தக் கருவி அவருக்கு முழுமையாக வசப்பட ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. நடத்தும் இசை விழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில் மறைந்தார். கைதட்டலை நாம் கேட்டோம். யாரும் கைதட்டாத அந்த 20 ஆண்டுகளின் காலை நேரங்களை எண்ணிப் பார்ப்போம்.

காற்றுக் கருவி கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லும் அறிவுரைகள் எளிமையானவை. பாட்டுக்குப் போகுமுன் ஒரே சுரத்தை நீளமாக, நடுங்காமல் ஊது. வேகமாக வாசிக்க வேண்டியதை முதலில் மெதுவாக வாசி. வராத இடத்தைத் தாண்டிப் போகாதே. அங்கேயே நின்று திரும்பத் திரும்ப வாசி. விழாவுக்கு முந்தைய நாள் எட்டு மணி நேரம் ஊதுவதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் ஊது.

இது நமக்குப் புதிதா? நம் பகுதியில் பீடி சுற்றும் தாய்மாரைப் பார்ப்போம். முதல் நாள் இலை கிழிந்தது, தூள் சிந்தியது. இன்று பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே, பார்க்காமலே விரல்கள் சுற்றுகின்றன. பழகிய விரல் துன்ப நாளிலும் தன் வேலையை மறப்பதில்லை. நன்றியும் அப்படித்தான். நல்ல நாளில் பழகாத நன்றி, கெட்ட நாளில் வராது. பத்துத் தொழுநோயாளர் குணம் பெற்றார்கள். திரும்பி வந்தவர் ஒருவரே என்று லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. திரும்பி வரும் பழக்கம் அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

சாக்சபோனின் உடல் பித்தளை. ஆனால் குரல் வருவது வாயில் வைக்கும் ஒரு மெல்லிய நாணல் பட்டையிலிருந்து. காய்ந்த பட்டை சரியாகப் பேசாது. அதனால் வாசிப்பவர் முதலில் அதை நாவால் ஈரப்படுத்துகிறார். நெரிந்த நாணலையும் முறிக்காத ஊழியரைப் பற்றி எசாயா இறைவாக்கினர் 42ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். அந்த ஊழியரைத்தான் நாம் குடிலில் குழந்தையாகக் காணப் போகிறோம். கவலையால் காய்ந்துபோன நம்மையும் அவர் தூக்கி எறிவதில்லை. கண்ணீரால் நனைந்த நாணலும் ஈரமான நாணல்தான். அதிலும் தம் மூச்சை ஊத அவருக்குத் தெரியும். ஆகவே துன்பத்தில் நன்றி சொல்வது என்றால், இழப்பு நல்லது என்று நடிப்பது அல்ல. விலை கிடைக்காத நாளிலும் நம் கையைப் பிடித்திருப்பவருக்கு, இறந்தவரை இத்தனை ஆண்டுகள் நமக்குத் தந்தவருக்கு, அழுதுகொண்டே சொல்லும் நன்றி அது.

கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. மூன்று பயிற்சிகளை எடுத்துக்கொள்வோம். இரவு படுக்குமுன், அன்று பெற்ற ஒரே ஒரு நன்மையைப் பெயர் சொல்லி, அவசரப்படாமல் கடவுளுக்கு நன்றி சொல்வோம். அதுவே நம் நீண்ட சுரம். யாருக்கு நன்றி சொல்ல நமக்கு வாய் வரவில்லையோ, அண்ணன் தம்பியோ மாமியாரோ மருமகளோ, அவர்களிடம் இந்த வாரமே ஒரு வார்த்தை பேசுவோம். அதுவே வராத இடத்தில் நின்று வாசிப்பது. கீத பவனியிலும் தேர்ப்பவனியிலும் நமக்காக மூச்சுப் பிடித்து ஊதும் பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, உட்காரவைத்து உணவு பரிமாறுவோம். கூலி கொடுத்துவிட்டோமே என்று நன்றியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நாம் கொண்டாடும் நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரின் பொருளே 'நன்றி கூறுதல்'. தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி கூறினார் நம் ஆண்டவர். ஞாயிறுதோறும் பீடத்தைச் சுற்றி நாம் கூடுவது, அவரிடமிருந்து அந்தச் சுரத்தைக் கற்றுக்கொள்ளவே.

இறைவா, காய்ந்த எங்கள் உள்ளங்களை உம் அருளால் நனைத்தருளும். எங்கள் மூச்சு உள்ளவரை உமக்கும், ஒருவர் மற்றவருக்கும் நன்றி சொல்ல எங்களைப் பழக்கியருளும். ஆமென்.