மறுமுனையில் ஒருவர் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ரொறன்ரோவில் இப்போது நடுச்சாமம். லண்டனில் இன்னும் விடியவில்லை. அப்படியிருந்தும் அங்கே எத்தனையோ பேர் விழித்திருந்து எங்களைப் பார்க்கிறார்கள். தொலைத்தொடர்பு கல்வியையும் பொதுச் சேவையையும் எப்படி மாற்றுகிறது என்று பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அந்த விழித்த கண்களே பாதி விடை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். எங்கள் வகுப்பு முழுவதற்குமாகப் பேசுவதால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொள்வோம்.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நாங்கள் ஆறாம் வகுப்பு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரியை எரித்துப் படித்த தலைமுறை எங்களுடையது. தொலைபேசியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவுக்கு வயரைக் கொடுத்து, அண்ணாமார் பெடலைச் சுற்றச் சுற்ற வானொலியில் செய்தி வரும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். உலகம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒருவரின் கை வலிமையில்தான்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பக்கத்து வாங்கில் இருந்தவள் எங்கே போனாள் என்று கேட்க வழியில்லை. சந்தையில் கண்டவர் சொல்வதுதான் தந்தி. வெளிநாட்டில் இருந்த உறவுகளுக்கு, செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோகும் கடிதத்தில் "சுகமாயிருக்கிறோம்" என்று எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி பரவியபோது, அதை முதலில் காதில் வைத்த அம்மாமார் ஒன்றும் பேசாமல் அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆகவே தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. அது இல்லாத காலம் எப்படியிருந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

வைத்தியத்துறையில் இந்த மாற்றத்தைத் தினமும் காண்கிறோம். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரிய 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் அழைப்பு கொழும்பை அடுத்த இராஜகிரியவுக்குப் போகிறது. அங்கிருந்து, கிட்ட நிற்கும் வண்டியை அனுப்புகிறார்கள். நெஞ்சு நோவோடு ஓட்டோ தேடி வீதியில் நின்ற காலத்தை நினைத்தால், இது எத்தனை உயிர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது என்று புரியும். எல்லாவற்றையும்விடப் பெரியது, மறுமுனையில் தமிழிலும் பேசலாம் என்பது. மூச்சுத் திணறும் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு மொழிபெயர்க்க நேரமில்லை.

இதை மானிப்பாயிலிருந்து சொல்லும்போது டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை மறக்க முடியாது. 1847 இல் இலங்கைக்கு வந்த அந்த அமெரிக்கர், இந்த ஊரில் வைத்தியம் செய்தார், வைத்தியமும் படிப்பித்தார். 1860களில் அந்தப் படிப்பைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "கெமிஸ்தம்" என்று நூல்கள் வந்தன. தன்னிடம் படித்தவர்கள் கிராமங்களுக்குப் போய், அந்த மக்களின் சொல்லிலேயே நோயை விளக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். புதிய அறிவு எந்த வழியாக வந்தாலும், கடைசி அடி மனிதரின் மொழியில்தான் நடக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இது நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட பாடம்.

இன்று அந்தக் கடைசி அடியை யார் நடக்கிறார்கள்? சந்தியில் இருக்கும் "கொமினிகேசன்" கடையைப் பாருங்கள். ஒருகாலத்தில் வெளிநாட்டு அழைப்புக்காக வரிசையில் நின்ற அதே கடையில், இன்று முதியவர்கள் விண்ணப்பப் படிவத்தோடு நிற்கிறார்கள். கடவுச்சீட்டு விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்விட்டது.  ஆனால் எழுத்துத் தெரிந்தும் திரை தெரியாத ஐயா, தன் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கடைக்காரத் தம்பியிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல தம்பி என்றால் நல்லது.

எங்கள் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நீரிழிவு நோயோடு வரும் ஓர் அம்மம்மா. கையில் தொலைபேசி, அதில் வெளிநாட்டிலிருந்து மகன். என்ன மாத்திரை, எத்தனை வேளை, சீனி எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். எங்களுக்கும் உதவிதான், அம்மம்மாவுக்கு மாத்திரைப் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. அழைப்பு முடிந்தது. தொலைபேசியைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "பிள்ளை, நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறனான். அடிக்கடி வந்து எடுக்க ஏலாது. அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, யோசிப்பான்."

மகனின் அக்கறை பொய்யல்ல. அந்த வீடியோ அழைப்பும் வீணல்ல. ஆனால் உண்மை வந்தது, அழைப்பு முடிந்த பிறகு, பக்கத்தில் இருந்தவரிடம்.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. நாங்கள் சும்மா இருக்கவில்லை. தோழிகள் கூடி, ஏ.எல். மாணவிகளுக்கு ஸூம் வழியாக வகுப்பு வைத்தோம். பிற்பகல் நான்கு மணி. லண்டனுக்கும் சரி, சிட்னிக்கும் சரி என்று பார்த்து வைத்த நேரம். பட்டியலில் நாற்பது பெயர். முதல் வாரம் முப்பத்தொரு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் பதினான்கு பேர். பிள்ளைகளுக்கு அக்கறை போதாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

பயணத்தடை தளர்ந்ததும் ரீச்சர் ஒருவர் சைக்கிளில் போய் வீடு வீடாக விசாரித்தார். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு தொலைபேசி. இன்னொரு வீட்டில் தகப்பன் மேசன். இருக்கும் ஒரே தொலைபேசியை அவர் வேலைக்குக் கொண்டுபோவார், ஏழு மணிக்குத்தான் அது வீடு வரும். வேறொரு பிள்ளைக்கு ஒரு வாரத்து டேட்டாக் காசு முதல் இரண்டு வகுப்போடு முடிந்துவிட்டது. நாற்பது பேரில் ஒருவரிடமாவது "உங்களுக்கு எத்தனை மணி வசதி?" என்று நாங்கள் கேட்டிருக்கவில்லை.

வகுப்பை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். ஸூமை விட்டு, வட்ஸ்அப்பில் சிறு குரல் பதிவுகளாக அனுப்பினோம். அதற்கு டேட்டா குறைவு, எப்போதும் கேட்கலாம். லண்டன் தோழி வேலைக்கிடையில் ஓய்வு எடுத்துக் கேள்விகளுக்கு மறுமொழி சொன்னாள். பிள்ளைகள் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். மேசனின் மகள் இரவு பத்தரைக்கு விடை அனுப்புவாள். ஆனால் ஒரு பிள்ளை திரும்பி வரவேயில்லை. நாங்கள் விசாரித்தபோது அவள் ரவுணில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கெட்டிக்காரி. அவளுடைய பெயரை அந்தப் பட்டியலிலிருந்து அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தது. ஜாம் போத்தல் விளக்கை நாங்கள் மறக்கவில்லை, நல்லகாலம்.

சகோதரிகளே, நூற்றாண்டு நிதிக்குத் தாராளமாகத் தந்திருக்கிறீர்கள். பெரிய திரைகள் வாங்கலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் மூன்றைக் கேட்கிறோம். பாடசாலை விட்ட பிறகும் திறந்திருக்கும் ஓர் அறை, அதில் சில கணினிகள், கூட இருந்து பார்க்க ஊரில் உள்ள பழைய மாணவி ஒருவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. இது முதலாவது. வகுப்பு நேரத்தைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். இது இரண்டாவது. மூன்றாவதற்குக் காசு தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு வருடம் அழைத்துப் பேசுங்கள். பாடம் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அழைப்பு வராத கிழமையை அந்தப் பிள்ளை கவனிப்பாள். அவள் எடுக்காத கிழமையை நீங்கள் கவனிப்பீர்கள். அன்று எங்களுக்கு ஒரு செய்தி போடுங்கள். ஊரில் இருக்கும் நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறோம்.

அந்தக் கடைக்குப் போன பிள்ளைக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால், மூன்றாம் வாரம்வரை நாங்கள் காத்திருந்திருக்க மாட்டோம்.

பதிவுப் புத்தகம் வாசலில் இருக்கிறது. இணையத்தில் இருப்பவர்கள் செயலாளருக்கு எழுதுங்கள். ரொறன்ரோ தோழிகளே, நீங்கள் இனி நித்திரைக்குப் போகலாம்.