கார்த்திகை எவ்வளவு தூரம்?

(ஜனவரி மாதப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய விவாதம் முடிந்துவிட்டது, காபி வர இருபது நிமிடம் ஆகும், அதுவரை நீங்கள் பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே காபி வாசனை வந்ததும் யாரும் தயங்காமல் எழுந்து போகலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் எல்லோரும் அகல் ஏற்றிக்கொண்டிருந்தோம். சி பிளாக்கில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "தாத்தா, கார்த்திகை நட்சத்திரம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். பௌர்ணமி நிலா கார்த்திகைக்குப் பக்கத்தில் வருவதால்தானே அன்றைக்குத் தீபம்? அந்த நிலா வெளிச்சத்திலேயே நட்சத்திரக் கூட்டம் சரியாகத் தெரியவில்லை. சுமாராகக் கை காட்டினேன். "எவ்வளவு தூரம்?" என்றாள். "390 ஒளி ஆண்டு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் அம்மாவின் போனை வாங்கித் தேடிவிட்டு, "440ன்னு போட்டிருக்கு தாத்தா" என்றாள்.

50 ஒளி ஆண்டு வித்தியாசம். ஒரு ஒளி ஆண்டு என்றால் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து, அதில் பாதியைத் தணிக்கைப் பிரிவில் கழித்தவன் நான். இரண்டு பேரேட்டில் இரண்டு தொகை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், நட்சத்திரத்தின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? இப்போதே கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் சுவரில் உள்ள காலண்டருக்கு முன்னால் விரல் இடம் மாறுகிறது அல்லவா? விரலைக் கிட்டே கொண்டுவந்தால் அதிகமாக நகரும், தள்ளிக் கொண்டுபோனால் குறைவாக நகரும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஜனவரியில் ஓரிடத்திலும் ஜூலையில் 30 கோடி கிலோமீட்டர் தள்ளியும் நிற்கிறோம். அவைதான் நம் இரண்டு கண்கள். பக்கத்து நட்சத்திரங்கள் தூரத்து நட்சத்திரங்களுக்கு முன்னால் கொஞ்சம் நகரும். அந்த நகர்வில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 1838இல் ஜெர்மானியர் பெசல் முதன்முதலில் இப்படி ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் கஷ்டம். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு ஆர்க் செகண்ட். அதை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு மில்லி ஆர்க் செகண்ட். டெல்லியில் யாரோ சுண்டுவிரலைக் காட்டி, அதன் அகலத்தைச் சென்னையிலிருந்து நாம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த மில்லி ஆர்க் செகண்ட்.

பூமியின் காற்று மண்டலம் நட்சத்திரத்தை மினுக்க வைப்பதால் இங்கிருந்து இதை அளப்பது பெரும்பாடு. அதனால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989இல் ஹிப்பார்கஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அதைச் சரியான சுற்றுப்பாதைக்கு ஏற்றவேண்டிய மோட்டார் எரியவே இல்லை. கோணல் பாதையில் சுற்றிக்கொண்டே 1993 வரை வேலை செய்து, 1,18,218 நட்சத்திரங்களை அளந்து கொடுத்தது. அந்தப் பட்டியல் 1997இல் வெளியானது. என் பழைய புத்தகத்தின் 390 அதிலிருந்து வந்ததுதான்.

வெளியான உடனே சண்டை ஆரம்பித்தது. கார்த்திகைக் கூட்டம் எல்லா வானியல் மாணவருக்கும் முதல் பாடம். ஒரே காலத்தில் பிறந்த நட்சத்திரங்கள் கூட்டமாக இருப்பதால், அவற்றின் வெளிச்சத்தை வைத்து மற்ற கூட்டங்களின் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அதுவரை எல்லோரும் நம்பியது 430 ஒளி ஆண்டு வாக்கில். ஹிப்பார்கஸ் 390 என்றால், அந்த நட்சத்திரங்கள் நாம் நினைத்ததைவிட மங்கலானவை என்று ஆகும். நட்சத்திரம் எப்படி எரிகிறது என்ற கணக்கையே திருத்த வேண்டியிருக்கும். சிலர் திருத்தவும் முயன்றார்கள். வேறு சிலர் செயற்கைக்கோளின் அளவைச் சந்தேகித்தார்கள். 2005இல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடு பழைய எண் பக்கம் நின்றது. 2014இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தவர்களுக்குச் சுமார் 444 ஒளி ஆண்டு கிடைத்தது. ஹிப்பார்கஸ் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழு வருஷம்! நம் பார்க்கிங் தகராறு எவ்வளவோ தேவலாம்.

இத்தனைக்கும் சண்டையின் அளவு என்ன தெரியுமா? ஒருவர் நகர்வு 8.4 மில்லி ஆர்க் செகண்ட் என்கிறார், மற்றவர் 7.4 என்கிறார். டெல்லியில் காட்டிய அந்த ஒரு சுண்டுவிரல்தான். வேண்டுமானால் குழந்தைகள் போட்டுப் பார்க்கலாம்: 1000ஐ 7.4ஆல் வகுத்து, வந்ததை 3.26ஆல் பெருக்குங்கள். 440 வரும். 8.4 போட்டால் 388.

இதைத் தீர்த்துவைத்தது கையா. அதே ஐரோப்பிய நிறுவனத்தின் அடுத்த செயற்கைக்கோள். 2013 டிசம்பர் 19 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றது. இரண்டு வெவ்வேறு திசைகளைப் பார்க்கும் இரண்டு தொலைநோக்கிகள், 106 சிசிடி சில்லுகள் சேர்ந்த ஏறக்குறைய 100 கோடி பிக்சல் கேமரா. ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுழன்றபடி வானம் முழுவதையும் திரும்பத் திரும்ப அளந்தது. 2025 ஜனவரி 15 அன்று அளப்பதை நிறுத்தியது, மார்ச்சில் அதை அணைத்தும் விட்டார்கள். அதன் மூன்றாவது வெளியீட்டில் 181 கோடி வரிகள் இருக்கின்றன. ஒரு வரிக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நம் பால்வீதியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் அதில் அடங்கும். கார்த்திகைக்குக் கையா சொன்ன விடை: 440 சொச்சம். அந்தச் சின்னப் பெண் சொன்னதுதான் சரி.

ஆனால் விடையைவிட எனக்குப் பிடித்துப்போனது அந்தப் பட்டியலை அவர்கள் எழுதியிருக்கும் விதம்.

பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து, ஒரு சின்ன மூலையின் நட்சத்திரங்களை மட்டும் இறக்கிப் பார்த்தேன். இடமாறு அளவு என்ற கட்டத்தில் பல இடங்களில் மைனஸ் எண் இருந்தது. மைனஸ் தூரத்தில் நட்சத்திரம் இருக்க முடியுமா? நான் ஏதோ தப்பாக இறக்கிவிட்டேன் என்று மூன்று தடவை திரும்பச் செய்தேன். பிறகுதான் புரிந்தது. மிகத் தூரத்தில் உள்ள மங்கலான நட்சத்திரத்தின் நகர்வு ஏறக்குறைய பூஜ்யம். அளவில் உள்ள பிழை அதைவிடப் பெரிது. ஆகவே சில நேரம் பிளஸ்ஸாக வரும், சில நேரம் மைனஸாக வரும். அசிங்கமாக இருக்கிறது என்று மைனஸை எல்லாம் எடுத்துவிட்டால், மிச்சமிருப்பவை பிளஸ் பக்கமே சாய்ந்து, சராசரி பொய்யாகிவிடும். அதனால் வந்தது வந்தபடியே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'இதில் இவ்வளவு பிழை இருக்கலாம்' என்று இன்னொரு கட்டம்.

தணிக்கைக்குப் போன இடங்களில் கணக்கு ரொம்ப அழகாக இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

இன்னொன்றும் செய்தார்கள். மளிகைக் கடையில் நிறுக்கும் முன் காலித் தட்டில் தராசு என்ன காட்டுகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் பார்ப்பார்களே, அதே வேலை. குவேசார் என்று சில பொருள்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஒளி ஆண்டு தள்ளியிருப்பதால் அவற்றின் நகர்வு பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் காலித் தட்டு. 2018 வெளியீட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களை எடுத்துச் சராசரி பார்த்தபோது பூஜ்யம் வரவில்லை, மைனஸ் 0.029 மில்லி ஆர்க் செகண்ட் வந்தது. அதை அவர்களே கட்டுரையில் எழுதி வெளியிட்டார்கள். 2020இல் அது மைனஸ் 0.017 ஆகக் குறைந்தது. அதையும் வெளியிட்டார்கள். முதல் வெளியீட்டிலேயே, 2016இல், 0.3 வரை பிசகு இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள். கார்த்திகைச் சண்டையில் பட்ட அடி எல்லோருக்கும் நினைவிருந்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம், யாருக்கு முதலில் என்ற விஷயம். ஹபிள் போன்ற தொலைநோக்கிகளில், விண்ணப்பம் போட்டு நேரம் வாங்கியவருக்குச் சில மாதமாவது டேட்டா தனியாகக் கிடைக்கும். அவர் கட்டுரை எழுதிய பிறகு மற்றவருக்கு. அதில் தப்பில்லை, உழைத்தவருக்குக் கூலி வேண்டும். கையாவில் அந்த வழக்கம் இல்லை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ஐரோப்பா முழுக்கப் பல வருஷம் உட்கார்ந்து இந்த எண்களைச் சலித்தெடுத்தார்கள். வெளியீட்டு நாளில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே மணிக்கு ஒரே கதவுதான் திறந்தது. 2018 ஏப்ரல் 25க்குப் பிறகு சில நாட்களிலேயே, அந்தக் குழுவில் இல்லாதவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் வர ஆரம்பித்துவிட்டன. தொலைநோக்கியே இல்லாத கல்லூரி மாணவர்கூட ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உருப்படியான ஆராய்ச்சி செய்யலாம். நம் பிள்ளைகளிடம் யாராவது பிராஜெக்ட் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு முறை காத்திருக்காமல் முன்கூட்டியும் சொன்னார்கள். கழுகு மண்டலத்தில், அதாவது நம் திருவோண நட்சத்திரம் இருக்கும் திசையில், சுமார் 2000 ஒளி ஆண்டு தூரத்தில், சூரியனைப் போல 33 மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்று. அதைச் சுற்றும் நட்சத்திரம் தள்ளாடியதில் மாட்டிக்கொண்டது. அடுத்த வெளியீட்டுக்கான எண்களைச் சரிபார்க்கும்போது கண்ணில் பட்டதாம். மற்றவர்களும் உடனே ஆராயட்டும் என்று 2024 ஏப்ரலிலேயே பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள்.

குறையும் உண்டு. வானத்திலேயே பிரகாசமான சிரியஸ் இந்தப் பட்டியலில் இல்லை. திருவாதிரையும் இல்லை. மங்கலான நட்சத்திரத்துக்காகச் செய்த கேமராவில் இவை கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம். நம் மாடியிலிருந்து முதலில் கண்ணில் படும் சில நட்சத்திரங்களுக்கு இன்னும் அந்தப் பழைய ஹிப்பார்கஸ் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். கார்த்திகையில் அது தப்பியது என்பதற்காக யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

நம்மூர் பங்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தில், 1830களில் டெய்லர் என்பவரும் அவரது உதவியாளர்களும் ஒவ்வொரு நட்சத்திரமாக உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறித்து, 11,015 நட்சத்திரங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அது 1844இல் வெளியானது. பின்னாளில் அங்கே தலைமை உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பழைய கருவியைத் தாங்கிய கல்தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. பத்து வருஷத்துக்கும் மேல் பத்துப் பதினோராயிரம் நட்சத்திரம், கண்ணையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பி. எனக்கு 181 கோடியைவிட இதுதான் மலைப்பாக இருக்கிறது.

கையாவின் நான்காவது வெளியீடு 2026 டிசம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள். ஐந்தரை வருஷ அளவீடுகள் அதில் இருக்கும். இதுவரை சராசரிதான் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எந்தத் தேதியில் எங்கே பார்த்தார்கள் என்ற தனித்தனிப் பதிவும் வரும். வவுச்சரோடு சேர்ந்த கணக்கு மாதிரி.

காபி வந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். பிப்ரவரி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு மாடிக்கு வாருங்கள். அந்த நேரத்தில் கார்த்திகை நன்றாக உயரத்தில் இருக்கும். நான் லேப்டாப் கொண்டுவருகிறேன், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பட்டியலில் உள்ள வரியைக் காட்டுகிறேன். 440 சொன்ன பெண்தான் கணக்குப் போடப் போகிறாள். வாட்டர் டேங்க் பக்கத்து ஃபோகஸ் லைட்டை அரை மணி நேரம் அணைத்து வைக்கக் கமிட்டி அனுமதிக்க வேண்டும். வாட்ச்மேனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.