ஸ்டாட்டின் மாத்திரையும் உடம்பு வலியும்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். வலி பொய்யில்லை. அதற்கு மருந்துதான் காரணமா என்பதே கேள்வி. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், இப்படி நிறுத்திய 60 பேரிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கான குப்பிகள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மீதி நான்கு காலி. அன்றன்றைய தொல்லைக்கு அவர்களே செல்பேசியில் மதிப்பெண் போட்டார்கள். காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8, ஸ்டாட்டினில் 16.3, வெற்று மாத்திரையிலோ 15.4! தொல்லையில் பெரும்பகுதி, மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சத்தால் வந்தது. இதை அறிந்தபின் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டின் தொடங்கினார்கள்.

60 பேர் போதுமா என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக இருந்ததால் அந்தச் சிறு எண்ணிக்கைக்கும் எடை உண்டு. எனினும், ஸ்டாட்டினால் தசையே சிதைவதும் அரிதாக நடக்கிறது. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது அதனால்தான். கடும் தசைவலியோடு சிறுநீர் கருத்தால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கவே கூடாது. ஆனால் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் இறப்பை 30 சதவீதம் குறைத்தது என்று 1994-லேயே தெரிந்துவிட்டது. அந்தப் பலனை ஐயத்தின் பேரில் இழப்பது சரியல்ல. உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எசிட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் என்று மாற்று மருந்துகள் வந்திருக்கின்றன. ஆகவே வலி வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.